சமையலறையில் கிடைக்கும் சாயம்: முட்டைக்கு இயற்கை வண்ணம்

சீனர் இல்லத்தில் குழந்தை பிறந்து ஒரு மாதம் நிறைந்தால், சிவப்பு முட்டை அண்டை வீடுகளுக்கும் வரும். மலாய்க்காரர் திருமணத்தில் விருந்தினருக்கு ‘பூங்கா தெலூர்’ என்ற அலங்கார முட்டை வழங்கும் வழக்கம் உண்டு. ஈஸ்டர் திருநாளன்று கிறிஸ்துவக் குடும்பங்களில் பிள்ளைகள் வண்ண முட்டைகளைத் தேடி ஓடுவார்கள். இனமும் சமயமும் வேறானாலும், புது வாழ்வின் அடையாளமாக முட்டையை எல்லாரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கலை மிகப் பழமையானது. தென்னாப்பிரிக்காவின் டீப்க்ளூஃப் குகையில், சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன் கோடுகள் செதுக்கப்பட்ட நெருப்புக்கோழி முட்டை ஓடுகள் கிடைத்துள்ளன. மெழுகால் கோலமிட்டுச் சாயத்தில் தோய்க்கும் உக்ரேனியரின் ‘பிசாங்கா’ கலையை யுனெஸ்கோ 2024-ஆம் ஆண்டு மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கிரேக்க நாட்டில் வெங்காயத் தோலில் முட்டையைச் சிவக்க வைக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அலங்கரித்த முட்டையைப் பிள்ளைகள் உரித்துச் சாப்பிடுவார்கள். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. விரிசல் இருந்தால் சாயம் வெள்ளைக் கருவரை இறங்கும். துணிக்குச் சாயமேற்றும் ரோடமின் பி போன்ற நிறமிகள் உணவுக்கு அனுமதிக்கப்பட்டவை அல்ல. பெயரில்லாத பொட்டலத்தில் வரும் வண்ணப் பொடியை நம்புவதைவிட, அஞ்சறைப் பெட்டியையும் காய்கறிக் கூடையையும் நம்புவது நல்லது.

எளிதானது வெங்காயத் தோல். பத்து வெங்காயத்தின் காய்ந்த தோலை ஒரு லிட்டர் நீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டி ஆறவையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேருங்கள். கழுவிய முட்டைகளை அதிலிட்டு, மெல்லிய தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவிடுங்கள். செம்பழுப்பு நிறம் ஏறும். இதே முறையில் இரண்டு மேசைக்கரண்டி மஞ்சள் தூளைப் பயன்படுத்தினால் பொன்னிறம் கிடைக்கும்.

வினிகர் எதற்கு? முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகரின் அமிலம் அதை இலேசாக அரிப்பதால் சாயம் பற்றிக்கொள்கிறது. அளவு மிஞ்சினால் குமிழி கிளம்பி ஓடு கரையும். நிறமும் திட்டுத் திட்டாகிவிடும்.

சிவப்பு முட்டைக்கோசு ஒரு வேடிக்கை காட்டும். அதன் சாற்றில் வினிகர் விட்டால் இளஞ்சிவப்பாகும். ஆனால் வெள்ளை முட்டையில் ஏறுவதோ நீலம்! அதிலுள்ள ஆந்தோசயனின் நிறமி அமிலத்தில் சிவக்கும், காரத்தன்மை கொண்ட ஓட்டைத் தொட்டால் நீலமாகும். கிளந்தான் நாசி கெராபுவுக்கு நீலம் தரும் சங்குப்பூவிலும் இதே வகை நிறமிதான் இருக்கிறது.

பீட்ரூட் சாயம் ஏறவில்லை என்று குறைபடுபவர்கள், அந்த நிறமி சூட்டில் சிதையும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். முட்டையைத் தனியே வேகவைத்து, ஆறிய பீட்ரூட் சாற்றில் ஊறவைத்து, குளிர்பெட்டியில் ஓரிரவு வைக்கலாம். நம் சந்தையில் பெரும்பாலும் பழுப்பு முட்டைதான் கிடைக்கிறது. அதற்கு வெங்காயத் தோலும் மஞ்சளும் பொருந்தும். நீலம் எடுப்பாகத் தெரிய வெளிர் ஓடுள்ள வாத்து முட்டை ஏற்றது.

கோலம் வேண்டுமா? கொத்தமல்லி இலை ஒன்றை ஈரமான முட்டையின் மேல் ஒட்டி, பழைய நைலான் காலுறைத் துண்டில் இறுக்கிக் கட்டி, வெங்காயத் தோல் சாயத்தில் வேகவையுங்கள். பிரித்தால் இலையின் வடிவம் அப்படியே பதிந்திருக்கும். உலர்ந்ததும் ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் தடவினால் பளபளக்கும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வெந்த முட்டையை வெளியில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைக்கக்கூடாது. உச்சி வெயிலில் ஒரு மணி நேரம்கூட அதிகம். குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்திற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். நாள் முழுதும் மேசையில் அழகு காட்டிய முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். அலங்காரத்துக்குத் தனி முட்டை, சாப்பாட்டுக்குத் தனி முட்டை என்று முன்கூட்டியே பிரித்து வைத்துவிட்டால் விழா நாளில் கவலை இல்லை.