ஸ்டால் வேகம் என்னும் எண்

பழைய கமாரோ காரொன்றை வாங்கி, அதன் 350 கன அங்குல எஞ்சினுக்குப் பெரிய கார்புரேட்டரும் உக்கிரமான கேம் ஷாஃப்டும் பூட்டி, வார நாட்களில் அலுவலகத்துக்கும் சனிக்கிழமை இரவில் கால் மைல் பந்தயத்துக்கும் அதே வண்டியில் போய்வர விரும்பும் அமெரிக்க அன்பர்கள் பலர், எஞ்சினுக்காகச் செலவிட்ட யோசனையில் பாதியைக்கூட டார்க் கன்வெர்ட்டருக்குச் செலவிடுவதில்லை. "மூவாயிரம் ஸ்டால்" என்று ஓர் எண்ணைச் சொல்லிக் கடையில் வாங்கி வந்துவிடுகிறார்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்சின் ஸ்தானத்தை வகிக்கும் இந்தச் சாதனத்துக்கு, ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் 1905-இல் காப்புரிமை பெற்றபோது, அவர் மனத்தில் இருந்தவை கப்பல்களே. மோட்டார் கார்கள் அல்ல. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பம்ப் எண்ணெயை வீசுகிறது. எதிரேயுள்ள டர்பைன் அதை வாங்கிக் கியர்பெட்டியைச் சுழற்றுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள ஸ்டேட்டர், திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றிப் பம்புக்கே அனுகூலமாக்குகிறது. வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில் முறுக்குவிசை ஏறக்குறைய இரு மடங்காவது இந்த ஏற்பாட்டினால்தான்.

டர்பைனை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுக்கு மேல் ஏற மாட்டாமல் நிற்கிறதோ, அதுவே ஸ்டால் வேகம். இது கன்வெர்ட்டரின் தனிச் சுபாவமன்று. எஞ்சினின் முறுக்குவிசைக்கு வர்க்கமூல விகிதத்தில் உயர்வது. ஓர் எஞ்சினின் பின்னால் 2,500 சுற்றில் நிற்கும் அதே கன்வெர்ட்டர், 21 சதவீதம் அதிக விசையுள்ள எஞ்சினின் பின்னால் 2,750-க்குப் போய்விடும். ஆகையால் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பி வாங்குவது, ஒரு பக்கத்து ஜாதகத்தை மட்டும் பார்த்துக் கல்யாணத்தை நிச்சயிப்பதற்கு ஒப்பாகும். வண்டியின் எடை, கேமின் அளவுகள், பின் அச்சின் விகிதம், டயரின் விட்டம் ஆகிய அனைத்தையும் விசாரிக்காமல் கன்வெர்ட்டர் விற்க முன்வருபவரிடம் வாங்காமலிருப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

கேமைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வால்வுகளை நெடுநேரம் திறந்து வைக்கும் கேம், மேல் சுற்றுகளில் சக்தியை வாரி வழங்குமேயன்றிக் கீழே சோம்பிக் கிடக்கும். எஞ்சின் அந்தச் சோம்பல் பிரதேசத்தைத் தாண்டி ஏறுவதற்கு இடம் கொடுப்பதே உயர்ந்த ஸ்டாலின் பிரயோஜனம். 0.050 அங்குல உயர்வில் 230 டிகிரி திறப்பளவுள்ள கேமுக்குப் பொதுவாக 2,500 முதல் 3,000 வரை பொருந்தும். மூவாயிரம் ஸ்டால் என்றால் மூவாயிரம் சுற்று வரும்வரை வண்டி நகராது என்று அஞ்சுவோரும் உண்டு. அது வீண் பயம். லேசாக மிதிக்கையில் விசை குறைவாதலால் வண்டி அதற்கு வெகு முன்பே கிளம்பிவிடும்.

நெடுஞ்சாலைதான் உண்மையான சோதனை. 3.73 அச்சும் 26 அங்குல டயரும் உள்ள வண்டி, நேர் விகித டாப் கியரில் 60 மைல் வேகத்தில் ஏறக்குறைய 2,900 சுற்றில் ஓடும். 700ஆர்4 கியர்பெட்டியின் ஓவர்டிரைவிலோ அது 2,000-ஆக இறங்கிவிடும். அங்கே உயர் ஸ்டால் கன்வெர்ட்டர் ஓயாமல் வழுக்கும். வழுக்கலெல்லாம் எண்ணெயில் உஷ்ணமாக மாறும். ஆதலால் பம்பையும் டர்பைனையும் ஒன்றாகப் பூட்டிவிடும் லாக்-அப் உள்ளதையே தேர்ந்துகொண்டு, ரேடியேட்டருக்கு வெளியே எண்ணெய்க்கெனத் தனிக் கூலரும் வைப்பது அவசியம்.

ஸ்டாலை உயர்த்த எளிய வழி விட்டத்தைக் குறைப்பது. கன்வெர்ட்டர் ஏற்கும் விசை விட்டத்தின் ஐந்தாம் படியைப் பொறுத்ததாகையால், 12 அங்குலத்தில் 1,800 சுற்றுக்கு நிற்பது, அதே அமைப்பில் 10 அங்குலமானால் 2,800-ஐ எட்டும். மலிவுச் சரக்கில் இறக்கைகளைப் பித்தளைப் பற்றுவைத்து உறுதிப்படுத்தியிருக்க மாட்டார்கள். உள்ளழுத்தத்தில் ஓடு உப்பி, கிராங்க் ஷாஃப்டின் பேரிங்கைத் தள்ளித் தேய்த்துவிடும்.

பொருத்தும்போதும் நிதானம் வேண்டும். முதலில் ஒரு லிட்டர் எண்ணெயை உள்ளே ஊற்றி, கன்வெர்ட்டரைச் சுழற்றிச் சுழற்றித் தள்ளினால், அது ஒவ்வொரு படியாக இறங்கிக் கடைசியில் கியர்பெட்டியின் எண்ணெய்ப் பம்பின் பள்ளத்தில் உட்காருவதைக் கையே உணரும். கியர்பெட்டியை எஞ்சினோடு சேர்த்தபின், எஞ்சினோடு பிணைந்த ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவே அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்குக் குறையாத இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லாமலே போல்ட்டுகளை முறுக்கி இழுத்துச் சேர்ப்பவர், வண்டியை ஒரு கஜம்கூட ஓட்டாமலே பம்பை உடைத்துக்கொள்வார்.