கட்டியின் மரபணு வேறு, பரம்பரை வேறு

மூளைக் கட்டிக்கான சத்திரசிகிச்சை முடிந்து, “புற்றுநோய் இல்லை, தீங்கற்ற கட்டிதான்” என்று வைத்தியர் சொன்னதும் குடும்பத்துக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. அந்த நிம்மதியோடு இரண்டு தவறான முடிவுகளும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒன்று, இனிப் பார்க்க எதுவும் இல்லை என்பது. மற்றது, மரபணு என்று பேச்செடுத்தால் பிள்ளைகளின் காப்புறுதியும் கல்யாணமும் பாதிக்கப்படும், ஆகவே கேளாமல் இருப்பதே நல்லது என்பது. இரண்டும் நோயாளிக்குக் கேடு. ரொறன்ரோவில் வாழ்பவருக்கு இந்தப் பயத்தைத் தள்ளிவைக்க அறிவியலும் சட்டமும் துணை நிற்கின்றன.

மூளையை மூடியிருக்கும் உறையில் வளரும் மெனிஞ்சியோமாதான், மூளையிலும் அதன் உறையிலும் தொடங்கும் கட்டிகளில் மிகப் பரவலானது. பெண்களுக்கு அதிகம் வருவது. இதில் ஐந்தில் நான்கு அளவு, தீங்கற்றது எனப்படும் முதல் தரத்தைச் சேர்ந்தது. ஆனாலும் முதல் தரக் கட்டி திரும்பி வராது என்று யாரும் உறுதி கூற முடியாது. 1957இல் சிம்ப்சன் வெளியிட்ட ஆய்வில், கட்டியும் அது ஒட்டியிருந்த உறையும் முழுதாக அகற்றப்பட்டவர்களில் 9 விழுக்காட்டினருக்கும், ஒரு பகுதி மட்டும் அகற்றப்பட்டவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கும் கட்டி மீண்டும் வளர்ந்தது. எவ்வளவு வெட்டி எடுத்தார்கள் என்பதோடு, கட்டியின் உள்ளியல்பும் முக்கியம். ரொறன்ரோ பிரின்சஸ் மார்கரெட் புற்றுநோய் மையத்தின் கெலாரே ஸாதே குழுவினர் 2021இல் ‘நேச்சர்’ இதழில் மெனிஞ்சியோமாவை மூலக்கூறு அடிப்படையில் நான்கு வகையாகப் பிரித்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்துத் தரம் சொல்வதைவிட இந்தப் பிரிவு, கட்டி திரும்புமா என்பதைத் துல்லியமாகக் காட்டியது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும், டெர்ட் மரபணுவின் தொடக்கப் பகுதியில் மாற்றமோ, சி.டி.கே.என்.2ஏ/பி மரபணுக்களின் முழு இழப்போ இருந்தால், தோற்றம் எப்படியிருந்தாலும் கட்டியை மூன்றாம் தரமாகக் கொள்ளச் சொன்னது.

இந்த மாற்றங்கள் பெரும்பாலும் அந்தக் கட்டியின் செல்களில் மட்டும் உண்டானவை. பெற்றோரிடமிருந்து வந்தவையல்ல, பிள்ளைகளுக்குப் போகவும் மாட்டா. பரம்பரையாக வருவது அரிது. இளவயதிலேயே கட்டி வருவது, ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள், இரு காது நரம்புகளிலும் கட்டி, குடும்பத்தில் வேறொருவருக்கும் இதே நோய் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால்தான் என்.எஃப்.2 மரபணுவை இரத்தத்தில் சோதிக்கும் பேச்சு எழும். அந்தக் குறை இருப்பவரின் பிள்ளைக்கு அது கடத்தப்பட 50 விழுக்காடு வாய்ப்புண்டு. ஆனால் அந்தக் குறையுள்ள நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் அது இருந்ததில்லை.

“உண்மை தெரிந்தால் காப்புறுதி கிடைக்காதே” என்பது நியாயமான கவலை. கனடாவில் 2017 மே மாதம் சட்டமான மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம், ஒப்பந்தம் செய்யவோ சேவை தரவோ நிபந்தனையாக மரபணுச் சோதனையையோ அதன் முடிவையோ கேட்பதைக் குற்றமாக்கியது. மீறினால் 10 இலட்சம் டொலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2020 ஜூலையில் கனடா உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் அதை உறுதி செய்தது. எனினும் அதற்கு எல்லை உண்டு. ஏற்கெனவே கண்டறியப்பட்ட நோயையும் குடும்ப வரலாற்றையும் காப்புறுதி நிறுவனம் கேட்கலாம். அங்கே பொய் சொன்னால் பின்னாளில் இழப்பீடே மறுக்கப்படலாம். ஆகவே கேட்ட நோய் விவரத்துக்கு உண்மை சொல்லுங்கள்; மரபணு முடிவைக் கேட்டால் தர மறுக்கலாம்.

“தெரிந்தால் கவலைதானே கூடும்?” என்பாரும் உண்டு. தெரியாதிருப்பதால் கட்டி வளராமல் இருப்பதில்லை. தெரிந்தால் எம்.ஆர்.ஐ. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வேண்டும், கதிர்வீச்சு தேவையா என்பதை வைத்தியரோடு முடிவு செய்யலாம். எல்லோருக்கும் மூலக்கூறு சோதனை தேவைப்படாது; தேவையா என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. 2004ஆம் ஆண்டின் ஒன்ராறியோ உடல்நலத் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறலாம். சத்திரசிகிச்சை அறிக்கையையும் திசுப் பரிசோதனை அறிக்கையையும் வாங்கி வைத்துக்கொண்டு, கட்டி முழுதாக எடுக்கப்பட்டதா, தரம் என்ன, மூலக்கூறு சோதனை நடந்ததா, அடுத்த ஸ்கான் எப்போது என்ற நான்கையும் அடுத்த சந்திப்பிலேயே கேளுங்கள்.