புரோக்கருக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே

ஏடிஎம்மில் பணம் எடுக்கிறோம். கணக்கில் தொகை கழிவது, கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருவது, மோசடித் தடுப்புப் பிரிவுக்குத் தகவல் போவது எல்லாம் தனித்தனிக் கணினிகளின் வேலை. ஒன்று பழைய மெயின்ஃபிரேமாக இருக்கும், இன்னொன்று யூனிக்ஸ், மற்றொன்று விண்டோஸ். இவற்றுக்கு நடுவே உட்கார்ந்து தகவலை வாங்கி, உரியவரிடம் சேர்க்கும் மென்பொருளுக்கு மெசேஜ் புரோக்கர் என்று பெயர். ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ். அலுவலகத்தில் தபால் பிரிப்பவரைப் போலத்தான். ஆனால் இவர் உறையைப் பிரித்துப் படிப்பார், தேவைப்பட்டால் கடிதத்தையே வேறு வடிவில் எழுதி அனுப்புவார்.

ஐபிஎம் 1993இல் எம்க்யூசீரிஸ் என்ற மென்பொருளை வெளியிட்டது. அது தகவலைச் சுமந்து செல்வதோடு சரி. அதன் மேல் அமர்ந்து பிரிப்பதும் மாற்றுவதுமான வேலையைச் செய்த மென்பொருள் வெப்ஸ்பியர் மெசேஜ் புரோக்கர், இன்டக்ரேஷன் பஸ், ஆப் கனெக்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. நிறுவுகிறவர்கள் முதலில் தேடும் காகிதம் மட்டும் மாறவில்லை: எந்த இயங்குதளத்தில் எந்த டேட்டாபேஸின் எந்தப் பதிப்பு ஒத்துப்போகும் என்ற பட்டியல்.

டேட்டாபேஸ் இங்கே எதற்கு? ஒரு காலத்தில் புரோக்கருக்குத் தன் சொந்தக் கணக்குவழக்கை வைக்கவே ஒன்று தேவைப்பட்டது. ஆறாம் பதிப்புவரை அப்படித்தான். மெயின்ஃபிரேமின் இசட்/ஓஎஸ் இயங்குதளம் என்றால் டிபி2 என்ற டேட்டாபேஸ் மட்டும். விண்டோஸில் சின்ன அளவிலான டெர்பியும் போதும். எஸ்க்யூஎல் சர்வரோ அன்று விண்டோஸில் மட்டுமே ஓடியது. லினக்ஸில் அது ஓடத் தொடங்கியது 2017 பதிப்பில்தான். அன்றெல்லாம் புரோக்கரை நிறுவ டேட்டாபேஸ் நிர்வாகியின் வாசலில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஏழாம் பதிப்பில் இந்தச் சொந்த டேட்டாபேஸையே ஐபிஎம் எடுத்துவிட்டது. அந்த மென்பொருளின் வரலாற்றில் ஆகச் சிறந்த முடிவு அதுதான் என்பேன்.

அப்படியும் பட்டியல் ஒழியவில்லை. வரும் தகவலை ஆரக்கிளில் எழுது, டிபி2வில் வாடிக்கையாளர் பெயரைத் தேடு என்ற வேலைகள் இருக்கின்றனவே. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். புரோக்கர் டேட்டாபேஸோடு நேரடியாகப் பேசுவதில்லை. டிரைவர் என்ற நிரல் தொகுப்பைத் தன் நினைவகத்துக்குள் ஏற்றிக்கொண்டு அதன் வழியாகவே பேசுகிறது. 1992இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஓடிபிசி என்ற பொது முறைதான் இதற்கு அடிப்படை. டேட்டாபேஸ் வேறொரு கணினியில், வேறொரு இயங்குதளத்தில் இருக்கலாம். டிரைவருக்கு அந்தச் சலுகை இல்லை. புரோக்கர் ஓடும் இயங்குதளத்துக்கே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். 64 பிட் புரோக்கருக்குள் 32 பிட் டிரைவர் ஏறவே ஏறாது.

விண்டோஸ் இதில் ஒரு வேடிக்கையும் செய்து வைத்திருக்கிறது. 64 பிட் விண்டோஸில், 64 பிட் ஓடிபிசி நிர்வாகக் கருவி இருக்கும் கோப்புறையின் பெயர் சிஸ்டம்32. 32 பிட் கருவியோ சிஸ்வாவ்64 என்ற கோப்புறையில் இருக்கிறது. கோப்பின் பெயர் இரண்டுக்கும் ஒன்றே. தவறான கருவியில் இணைப்பை உருவாக்கிவிட்டு, புரோக்கர் கண்ணுக்கு அது ஏன் தெரியவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளலாம். யூனிக்ஸ் குடும்பத்திலும் ஒற்றுமை கிடையாது. நிரல் தொகுப்புகளை எங்கே தேடுவது என்று சொல்லும் சூழல் மாறிக்கு லினக்ஸில் ஒரு பெயர், ஏஐஎக்ஸில் வேறு பெயர்.

பட்டியலின் அடிக்குறிப்புகளையும் படிக்க வேண்டும். தகவல்கள் காத்திருக்கும் க்யூவிலிருந்து ஒன்றை எடுப்பதும் டேட்டாபேஸில் எழுதுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே நடக்கக் கூடாது. ஒன்று நடந்து மற்றது நின்றால் பணம் காணாமல் போகும், அல்லது இரண்டு முறை கழியும். இதைக் காக்கும் முறை எக்ஸ்ஏ. ஒருங்கிணைக்கும் மென்பொருள் முதல் சுற்றில் ‘தயாரா’ என்று எல்லாரையும் கேட்கும். எல்லாரும் தலையாட்டினால் மட்டுமே இரண்டாம் சுற்றில் ‘முடி’ என்று சொல்லும். சாதாரணமாக எழுதவும் படிக்கவும் தெரிந்த டிரைவர் இந்த இரண்டு சுற்றுப் பேச்சிலும் தேறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதைத்தான் அந்த அடிக்குறிப்புகளில் பார்க்க வேண்டும்.

எழுத்துகள் இன்னொரு தலைவலி. மெயின்ஃபிரேமின் எப்சிடிக் முறையில் ஆங்கிலப் பெரிய ‘ஏ’யின் எண் 193; மற்ற கணினிகளில் 65. இதைப் புரோக்கரே மாற்றிக்கொடுத்துவிடும். தமிழ் வரும்போது வேறு சிக்கல். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். ‘முத்துலட்சுமி’ என்ற பெயரில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியுமாக 13 குறியீடுகள்; ஆக 39 பைட். ஆரக்கிளில் 20 என்று அளவு குறித்த பெயர்ப் பத்தி, வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், 20 பைட்டைத்தான் ஏற்கும். முத்துலட்சுமியின் பெயரைப் பிழை காட்டித் திருப்பிவிடும்.

பட்டியலில் இல்லாத சேர்க்கை ஓடாது என்று பொருளில்லை. தயாரித்தவர் அதற்குப் பொறுப்பேற்கவில்லை என்றுதான் பொருள். உங்கள் அலுவலகத்தில் டேட்டாபேஸைப் புதிய பதிப்புக்கு மாற்றப்போகிறார்கள் என்றால், அதன் பதிப்பு எண்ணை மட்டும் பட்டியலில் ஒப்பிட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். இயங்குதளம், டிரைவரின் பதிப்பு, 32ஆ 64ஆ, எக்ஸ்ஏ உண்டா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு தேதி குறியுங்கள்.