செவிலி இல்லாத பள்ளி: தமிழ்ப் பரபரப்புத் திரைப்படங்களில் மாணவியரும் அறத்தொடு நிற்றல் மரபும்

ஆய்வுச் சுருக்கம்

பள்ளி மாணவியரை மையமிட்ட தமிழ்ப் பரபரப்புத் திரைப்படங்களில் (த்ரில்லர்) அச்சம் எவ்வாறு உருவாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மதுரையைக் களமாகக் கொண்ட ‘காதல்’ (2004), சென்னையைக் களமாகக் கொண்ட ‘வழக்கு எண் 18/9’ (2012), ‘ராட்சசன்’ (2018) ஆகிய மூன்று படங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. அக இலக்கணம் கூறும் அறத்தொடு நிற்றல் என்னும் அறிவிப்பு முறையோடு இப்படங்களை ஒப்பிடும்போது, செவிலி நிற்க வேண்டிய இடம் வெறுமையாக இருப்பதே கதையின் அழிவுக்குக் காரணமாகிறது என்பது புலப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அறத்தொடு நிற்றல், செவிலி, பள்ளி, பரபரப்புத் திரைப்படம், குழந்தைப் பாதுகாப்பு.

முன்னுரை

பரபரப்புத் திரைப்படத்தின் உயிர் மறைபொருளில் உள்ளது. ஒருவர் அறிந்ததை மற்றொருவர் அறியாதிருக்கும் இடைவெளியில்தான் பார்வையாளரின் பதற்றம் பிறக்கிறது. கதைமாந்தர் பள்ளிப் பருவத்தினராக இருக்கும்போது இவ்விடைவெளி வேறொரு பொருளையும் பெறுகிறது. மாணவி ஒன்றை அறிந்திருக்கிறாள். ஆனால் அதைச் சொல்வதற்குரிய மூத்தோர் எவரும் அவளுக்கு இல்லை. எனவே, கொலையாளி யார் என்ற வினாவுக்கு முன்பே, இச்சிறுமி யாரிடம் சொல்வாள் என்ற வினா எழுகிறது. இவ்வினாவைத் தமிழ் அக மரபு நெடுங்காலத்திற்கு முன்பே எழுப்பி, அதற்கொரு விடையையும் வகுத்து வைத்துள்ளது.

அறத்தொடு நிற்றல்: ஓர் அறிவிப்பு முறை

களவொழுக்கத்தை உரியவர்க்கு உரிய முறையில் வெளிப்படுத்துவது அறத்தொடு நிற்றல் ஆகும். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் உணர்த்துவர். தந்தையும் தமையன்மாரும் குறிப்பால் உணர்வர். தோழி அறத்தொடு நிற்கும் வகைகள் ஏழெனத் தொல்காப்பியப் பொருளியல் வகுக்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளிலும் தோழி செவிலிக்கு உரைக்கும் கூற்றாகவே அமைந்துள்ளது.

இம்முறையில் இரு கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, அறிவிப்பு நெருக்கடியில் நிகழ்கிறது. இற்செறிப்பு, வெறியாட்டு, நொதுமலர் வரைவு ஆகியவை நேரும்போது தோழி இனியும் மறைத்தல் தகாது என உணர்கிறாள். இரண்டாவது, இளையோருக்கும் பெற்றோருக்கும் நடுவே செவிலி நிற்கிறாள். அவள் மூத்தவள், எனினும் தண்டிக்கும் அதிகாரத்தின் முழு உருவம் அல்லள். கேட்டதைக் கேட்டபடி வீசிவிடாமல், இல்லத்தார் ஏற்கும் வகையில் எடுத்துச் செல்பவள்.

அக இலக்கணம் கூறுவது காதலை. பின்வரும் படங்களில் இரண்டு கூறுவது தீங்கை. ஆகவே உள்ளடக்கத்தில் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. சொல் எவ்வழியாகச் செல்கிறது, எங்கே நிற்கிறது என்னும் கட்டமைப்பில் மட்டுமே இங்கு ஒப்பீடு செய்யப்படுகிறது.

மதுரை: தோழியோடு நின்றுபோன சொல்

பாலாஜி சக்திவேல் இயக்கிய ‘காதல்’ 2004 டிசம்பரில் வெளிவந்தது. மதுரையில் இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் முருகனுக்கும், செல்வாக்குள்ள குடும்பத்தில் பிறந்த பள்ளி மாணவி ஐஸ்வர்யாவுக்கும் இடையே மலரும் அன்பே கதை. இதனைக் காதற்படமாகவே வகைப்படுத்துவர். ஆயினும் இருவரும் சென்னைக்குப் புறப்பட்ட பின்னர் படம் துரத்தலின் இலக்கணத்தைப் பெறுகிறது. எப்போது பிடிபடுவர் என்ற அச்சமே காட்சிகளை நகர்த்துகிறது.

இது உடன்போக்கின் இன்றைய வடிவம் எனலாம். தலைவியின் காதலை அறிந்த தோழி இங்கும் உண்டு. ஆனால் தோழி அறிந்தது தோழியோடு நின்றுவிடுகிறது. அதை மேலே கொண்டுசெல்லச் செவிலி இல்லை. வீட்டில் தெரிந்தால் உயிருக்கு இடர் என்பதைச் சாதியும் செல்வமும் முன்னரே உணர்த்திவிட்டன. பள்ளியோ அவள் சீருடையில் சென்று வரும் ஓர் இடம் என்பதற்கு மேல் கதையில் பொறுப்பு எதையும் ஏற்பதில்லை. உறவினர் நயமாகப் பேசி இருவரையும் திரும்ப அழைத்துவரும் இடத்தில் பரிவு வலையாகிறது. கேட்கும் மூத்தோரின் வேடத்தில் தண்டிக்கும் மூத்தோரே வந்து நிற்கின்றனர்.

மாணவியின் திருமணத்தைப் படம் காதலின் நிறைவாகவே காட்டுகிறது. 18 வயது நிறையாத பெண்ணின் திருமணத்தைச் சட்டம் அப்போதே தடை செய்திருந்தது. தடுத்திருக்க வேண்டியதும் காத்திருக்க வேண்டியதும் ஒரே நபரின் கடமையாக இருந்திருக்கும். அந்நபர் கதையில் இல்லை.

வழக்கு எண் 18/9: கேட்பவர் விற்ற சொல்

அதே இயக்குநரின் ‘வழக்கு எண் 18/9’ 2012 மே மாதம் வெளியாகி, அறுபதாவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வு பெற்றது. பள்ளி மாணவன் தினேஷ், மாணவி ஆர்த்தியை அவளறியாமல் கைப்பேசியில் படம்பிடிக்கிறான். உண்மையை அறிந்த அவள் அக்கைப்பேசியைக் கைப்பற்றுகிறாள். அவளை நோக்கித் திட்டமிட்ட அமிலத் தாக்குதல் அவ்வீட்டில் பணிபுரியும் ஜோதியின் முகத்தைச் சிதைக்கிறது.

இப்படத்தின் கட்டமைப்பே அறிவிப்பால் ஆனது. முற்பகுதி சாலையோரக் கடையில் வேலை செய்யும் வேலு ஆய்வாளர் குமாரவேலிடம் கூறுவது. பிற்பகுதி ஆர்த்தி அவரிடம் கூறுவது. ஆர்த்தி இறுதியில் சொல்லிவிடுகிறாள். ஆனால் செவிலியின் இடத்தில் அமர்ந்திருப்பவர் கேட்ட உண்மையைக் கொண்டு குற்றவாளியின் தாயிடம் பணம் பெறுகிறார். அத்தாய் பள்ளி நடத்துபவர் என்பது கருதத்தக்கது. மாணவியைக் காக்க வேண்டிய நிறுவனம் குற்றத்தை மறைக்கும் செல்வத்தின் ஊற்றாகிறது. பழி வேலுவின்மேல் விழுகிறது. ஜோதி தானே ஆய்வாளர்மீது அமிலம் வீசுவதில் கதை உச்சம் பெறுகிறது.

இப்படம் வெளிவந்தபோது அமிலத் தாக்குதலுக்கெனத் தனிப் பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இல்லை. அமிலத் தாக்குதலுக்குரிய 326அ, 326ஆ பிரிவுகளும், மறைந்திருந்து படம்பிடித்தலுக்குரிய 354இ பிரிவும் 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே சேர்க்கப்பட்டன. சட்டம் தனிப்பெயரிடாத குற்றங்களைப் படம் முன்னரே காட்சிப்படுத்தியது எனலாம்.

ராட்சசன்: செவிலியே பகையாதல்

ராம்குமார் இயக்கிய ‘ராட்சசன்’ 2018 அக்டோபரில் வெளிவந்தது. பள்ளி மாணவியர் அடுத்தடுத்துக் கடத்திக் கொல்லப்படுகின்றனர். உதவி ஆய்வாளர் அருண் கொலையாளியைத் தேடுகிறார். இதனிடையே இன்பராஜ் என்னும் ஆசிரியர் மதிப்பெண்ணைக் கருவியாக்கி மாணவியரிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபடுவது வெளிப்படுகிறது. அருணின் அக்காள் மகள் அம்முவும் அவரிடம் சிக்குகிறாள். அம்முவின் தந்தையும் காவல் துறையைச் சார்ந்தவரே. வீட்டிலேயே காவலர் இருந்தும் சிறுமியால் சொல்ல முடியவில்லை. குறைந்த மதிப்பெண்ணால் ஏற்பட்ட அச்சமே அவள் வாயைப் பூட்டிய முதற்பூட்டு. அதன் திறவுகோலை ஆசிரியர் கையில் வைத்திருந்தார்.

கதைப் போக்கில் இன்பராஜ் திசைதிருப்பும் பாத்திரமே ஆவார். அவர் சுட்டுக்கொல்லப்பட்டதும் கதை உண்மைக் கொலையாளியை நோக்கி நகர்கிறது. அக்கொலையாளியின் வெறிக்கு அரிய நோயும் பள்ளிப் பருவத்து அவமதிப்பும் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. இங்கு இருவகைக் குறை உண்டு. நோயுற்ற உடல் கொடுமையின் அடையாளமாக்கப்படுகிறது. அதைவிட, வகுப்பறையில் நிகழக்கூடிய அன்றாட ஆபத்து இடைநிகழ்ச்சியாகச் சுருங்கி, எங்கும் காண்பதற்கரிய அரக்கன் முதன்மை பெறுகிறான். பார்வையாளர் அரங்கை விட்டு வெளியேறும்போது அஞ்சுவது அரக்கனை. அஞ்ச வேண்டியதோ சிறுமி சொல்ல இயலாத அமைதியை.

சட்டம் வகுக்கும் செவிலி

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் (போக்சோ) 14.11.2012 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 19ஆம் பிரிவு, இத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறுவது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. நிறுவனப் பொறுப்பாளர் தம் கீழ்ப் பணிபுரிவோர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறினால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை பெறக்கூடும். குழந்தைக்கு இத்தண்டனை இல்லை. 24ஆம் பிரிவு, குழந்தையின் வாக்குமூலத்தை அதன் இல்லத்திலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அலுவலரே, சீருடையின்றிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஆர்த்தி காவல் நிலையத்தில் சீருடை அலுவலர் முன் அமர்ந்து பேசும் காட்சியை இதனோடு ஒப்பிட்டால், சட்டம் எதனை மாற்ற முற்பட்டது என்பது விளங்கும். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும் இவ்வகையில் அமைந்த இடைநிலைச் செவியே.

முடிவுரை

மூன்று படங்களிலும் தலைவி உண்டு, பகையும் உண்டு. ‘காதல்’ படத்தில் செவிலியின் இடம் வெறுமையாக உள்ளது. ‘வழக்கு எண் 18/9’ படத்தில் அது விலைபோகிறது. ‘ராட்சசன்’ படத்தில் அதுவே தீங்கிழைக்கிறது. வெறுமையை நிரப்பத் திரைக்கதைகள் பழிவாங்கலையும் நாயகக் காவலரையும் கொண்டுவருகின்றன. இரண்டும் தீங்கு நிகழ்ந்த பின்னர் வருபவை. அருணாலும் அம்முவைக் காக்க இயலவில்லை.

அக மரபின் செவிலி வீரம் மிக்கவள் அல்லள். சினவாமல் கேட்பதும், கேட்டதை உரியவரிடம் சேர்ப்பதுமே அவள் தொழில். சட்டம் இக்கடமையைப் பள்ளிக்கும் உரியதாக்கியுள்ளது. வகுப்பாசிரியரிடம் ஒரு மாணவி தயங்கித் தொடங்கும் முதற்சொற்றொடர் மதிப்பெண் பற்றிய கண்டிப்பால் இடைமறிக்கப்படாதிருந்தால், இக்கதைகளில் பல தொடங்கும் முன்பே முடிந்திருக்கும்.