எலி விழுந்த வீடு

பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுனில் காணப்படும் நேரான வீதிகளுக்கும் காற்றோட்டமான மனைகளுக்கும் ஒரு கொள்ளைநோயின் வரலாறு பின்னணியாக உள்ளது. 1898-ஆம் ஆண்டில் அந்நகரைப் பிளேக் தாக்கிற்று. நெருக்கமான பேட்டைகளில் ஏராளமானோர் மாண்டனர். அதன் பின்னரே நகரைச் சுற்றிப் புதிய குடியிருப்புகள் வகுக்கப்பட்டன. ரிச்சர்ட்ஸ் டவுனும் அவற்றுள் ஒன்றாகும்.

அந்நாளைய அச்சத்திலிருந்து இரண்டு நம்பிக்கைகள் பாட்டிமார் வாய்மொழியாக வழிவழி வந்தன. பிளேக் அம்மனின் சினத்தால் வருவது என்பது ஒன்று. எலி செத்து விழுந்த வீட்டில் தங்கலாகாது என்பது மற்றொன்று.

இவற்றை விஞ்ஞானம் எங்ஙனம் மதிப்பிடுகிறது? 1894-இல் ஹாங்காங்கில் யெர்சின் பிளேக் கிருமியைக் கண்டறிந்தார். 1898-இல் கராச்சியில் சீமோன் என்பவர், எலியின் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்று காட்டினார். எலி இறந்து உடல் குளிர்ந்ததும் தெள்ளு அதனை விட்டு நீங்கும். வேறு எலி கிட்டாவிடில் மனிதனைக் கடிக்கும். எனவே, முதல் நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. இரண்டாவதோ உயிர் காக்கும் அறிவாகும்.

ஆயினும், வீட்டை விட்டு அகலுதல் மட்டும் போதாது. நுரையீரலைப் பற்றிய பிளேக் இருமல் வழியாகவும் பரவுமாதலால், நோயுற்றவர் ஊர்விட்டு ஊர் செல்வது பேராபத்து. உரிய காலத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளை அளித்தால் நோய் குணமாகும்.

எலிகள் திரளாக மடிந்து கிடந்தால் அவற்றைக் கையால் தொடாது, சுகாதார அதிகாரிக்கு உடனே அறிவித்தல் வேண்டும். பாட்டியின் எச்சரிக்கையைப் பேரனுக்குச் சொல்லுவோர், அதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுதல் நலம்.