பிள்ளைகளின் மனசையும் கவனிப்போம்



பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். மனசு வாடினால் மட்டும் "திமிரு", "சோம்பேறித்தனம்" என்று திட்டுகிறோம். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் குழு வீடுகளில் 20 பிள்ளைகள் இருந்தால், அதில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிராமத்துப் பிள்ளைக்கு என்ன பாரம்?

சங்கரன்கோவில் பள்ளிக்கு பஸ் பிடித்து வர வேண்டும். வீடு திரும்பினால் தண்ணீர் எடுக்க வேண்டும், தம்பி தங்கையைப் பார்க்க வேண்டும், பீடி சுற்ற உதவ வேண்டும். ராத்திரி நாம் பேசும் கடன் தவணைப் பேச்சும் அதன் காதில் விழுகிறது. பெண் பிள்ளைக்கு, "படிப்பை நிறுத்திடுவாங்களோ" என்ற பயம் வேறு.

டவுன் பிள்ளைக்குக் கவலை இல்லையா?

உண்டு. டியூஷன், போட்டி, செல்போன் என்று பொழுது போகிறது. பக்கத்து வீட்டில் பேச ஆள் இல்லை. தறி ஓடும் தெருவில் அமைதியாகப் படிக்கவும் இடமில்லை.

இரண்டு பேருக்கும் பொதுவானது, ஒப்பிட்டுப் பேசுவது. பொதுத்தேர்வில் மாநில முதலிடம் அறிவிப்பதை 2017-ல் அரசே நிறுத்திவிட்டது. நாம்தான் தெருவில் இன்னும் "அவ எத்தனை மார்க்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

தூக்கம், சாப்பாடு குறைவது, யாரோடும் பேசாமல் ஒதுங்குவது, காரணமில்லாத கோபம், அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி, பள்ளிக்குப் போக மறுப்பது. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அலட்சியம் வேண்டாம். "செத்துப்போகலாம் போல இருக்கு" என்று ஒருமுறை சொன்னாலும் விளையாட்டாக எடுக்கக் கூடாது. அன்றே உதவி தேடுங்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

நாம் என்ன செய்யலாம்?

1. தினமும் பத்து நிமிஷம் மார்க் பேச்சு இல்லாமல் பிள்ளையிடம் பேசுவோம். அறிவுரை சொல்லாமல் காது கொடுப்போம்.
2. எட்டு மணி நேரமாவது தூங்க விடுவோம்.
3. பரீட்சையில் தவறினால் அதே வருஷம் துணைத்தேர்வு எழுதலாம். இதை ரிசல்ட் வருவதற்கு முன்பே பிள்ளையிடம் சொல்லி வைப்போம்.
4. 14416 எண்ணுக்குப் போன் செய்தால் மனநல ஆலோசனை தமிழிலேயே கிடைக்கும். 24 மணி நேரமும் இலவசம். நாமும் பேசலாம், பிள்ளையும் பேசலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்ததும் இதற்கும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். 14416 எண்ணைத் தீர்மான நோட்டின் அட்டையில் எழுதி வையுங்கள்.