ஏரி உடைஞ்சிடுச்சாமே?!

கார்த்திகை மழை ஆரம்பிச்சா, நம்ம போனுக்குத் தவறாம ரெண்டு மெசேஜ் வரும். ஒண்ணு, 'நாளைக்கு காலேஜ் லீவாம்!' இன்னொண்ணு, 'செம்பரம்பாக்கம் ஏரி உடைஞ்சிடுச்சாம், எல்லாருக்கும் அனுப்புங்க!' முதல் மெசேஜை நாலு பேர்கிட்ட கேட்டு உறுதி பண்ணிக்குவோம். ரெண்டாவதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ளயே அனுப்பிடுவோம். ஏன் இப்படி?

பயத்துக்குக் காரணம் இல்லாம இல்லை. ஏரியின் முழுக் கொள்ளளவு உயரம் 24 அடி. 2015 டிசம்பர் 1 அன்று கொட்டிய பேய் மழையில், இரவோடு இரவாக இங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. லிட்டர்ல சொன்னா, விநாடிக்கு எட்டு லட்சத்துக்கும் மேல! அடையாற்றங்கரை மக்கள் பலருக்கு, தண்ணி வீட்டுக்குள்ள வந்த பிறகுதான் விஷயமே தெரிஞ்சது. 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கை, இது மனிதர்களால் வந்த பேரிடர்னே சொல்லிச்சு. வர வேண்டிய எச்சரிக்கை வராத இடத்துல, வதந்தி வந்து உட்கார்ந்துக்கும்.

ஆனா, அதே வாரத்துல இன்னொரு நம்பிக்கையையும் பார்த்தோமே! எங்கிருந்தோ படகோட வந்த மீனவர் கையை நீட்டினார். யார், என்னன்னு கேட்காம குழந்தையைத் தூக்கிக் கொடுத்தாங்க. பள்ளிவாசல், சர்ச், கல்யாண மண்டபம்னு எல்லாக் கதவும் திறந்தது. வெள்ளம் வடிஞ்சதும், சேறு படிந்த கோயில்களைக் கழுவி விட்டதுல முஸ்லிம் இளைஞர்களும் இருந்தாங்க. பக்கத்து ஃபிளாட்காரர் பேர்கூடத் தெரியாத ஊர்தாங்க இது!

முகம் தெரியாத ஃபார்வர்டையும் நம்பினோம், முகம் தெரியாத படகுக்காரரையும் நம்பினோம். ரெண்டும் ஒண்ணா? யோசிச்சுப் பாருங்க. படகு கவிழ்ந்தா அவரும்தான் தண்ணியில விழுவார். ஃபார்வர்டு பொய்யானா, அனுப்பினவருக்கு என்ன நஷ்டம்? விரல்கூட நனையாது. அதுல பாதகமான விஷயம், 'நான் உதவி பண்ணிட்டேன்'ங்கிற திருப்தியும் சும்மாவே கிடைச்சிடுது.

சாமி விஷயத்துலயும் இதே கதைதான். 'இதை 11 பேருக்கு அனுப்பு, நல்ல சேதி வரும்'ங்கிறதும் பக்தின்னுதான் சொல்லிக்குது. தொழுகைக் கூடத்தைக் காலி பண்ணி, யாரோ ஒருத்தர் படுக்கப் பாய் விரிச்சதும் பக்திதான். எதுக்கு மனுஷன் தன் கையிலிருந்து ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது? உங்களுக்கே தெரியும்.

நிவர் புயலின்போது, 2020 நவம்பர் 25 அன்று, நீர்மட்டம் 22 அடியை எட்டியதும் ஏரியைத் திறந்தாங்க. முதலில் திறந்தது விநாடிக்கு 1,000 கன அடி. 2015 கணக்கில் 29-ல் ஒரு பங்கு! இந்த நம்பர் தெரிஞ்சவங்க நிதானமா இருந்தாங்க. தெரியாதவங்களுக்கு 'ஏரி திறந்தாச்சு'ங்கிற ஒரு வார்த்தையே போதுமானதா இருந்தது.

அதனால அடுத்த மழைக்கு முன்னாடி ரெண்டே வேலை. ஏரிகளின் நீர்மட்டத்தைச் சென்னைக் குடிநீர் வாரியம் தினமும் வெளியிடுது. மெசேஜ் வந்தா முதல்ல அதைப் பாருங்க. அடுத்தது, உங்க தெருவுல தரைத்தளத்துல தனியா இருக்கிற தாத்தா, பாட்டி யாருன்னு இப்பவே தெரிஞ்சு வெச்சுக்கோங்க. மழை வலுத்தா, அவங்க வீட்டுக் கதவைத் தட்டுங்க!